சின்னபொண்ணு வீட்டுத் தண்ணீர்

1

இரண்டு மாதம் முன்னால் ஒரு நாள் பிரஜா உரிமை பாரம் நிரப்ப உட்கார்ந்தேன். ஊரில் இருப்பவர்களுக்கு இது புரியாது, சொல்லிவிடுகிறேன். மலாயாவில் எங்களைப் போல் வெளியிலிருந்து வந்தவர்களுக்குச் சிவப்பு அட்டை. அதை வைத்துக்கொண்டு குடியிருக்கலாம், சொந்தம் கொண்டாட முடியாது. நீல அட்டை வாங்கினால்தான் இந்த நாட்டு ஆள். சிவப்பு அட்டைக்காரர்களை வேலையைவிட்டு எடுக்கப்போகிறார்கள் என்று நாங்கள் இருக்கும் தோட்டம் முழுக்கப் பேச்சு. என் வீட்டுக்காரர் இந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துக் கட்டுப்போடும் டிரஸ்ஸர், நான் அங்கேயே பிரசவ வார்டில் மருத்துவச்சி. "நீலத்தை வாங்கிப் போடு சலோமி" என்று காலையும் மாலையும் நச்சரித்ததில் ஈப்போ வரை போய்ப் பாரத்தை வாங்கி வந்தேன்.

பாரம் மலாய் பாஷையில் இருந்தது. என் மகள் லில்லி படித்துப் படித்து அர்த்தம் சொன்னாள். அவளுக்குப் பதினொரு வயது. சந்தையில் நான் மலாய் பேச ஆரம்பித்தால் யாரோ எவரோ என்பது போல் இரண்டடி தள்ளி நின்றுகொள்கிற பெண், அன்றைக்கு எனக்கே வாத்தியார் ஆகிவிட்டாள். பிறந்த ஊர்? உத்திரமேரூர். அதை மலாய் எழுத்தில் எழுதுவதற்குள் இரண்டு இடத்தில் அடித்துத் திருத்தினாள். பிறகு, "சொந்த நாட்டை விட்டு வந்த காரணம்?" என்று கேட்டாள்.

"கல்யாணம்னு எழுது" என்றேன்.

முழுப் பொய் இல்லை. முப்பத்து மூன்று வயதில், மனைவியை இழந்த ஒரு டிரஸ்ஸருக்கு வாழ்க்கைப்பட்டுக் கப்பல் ஏறியவள்தான் நான். ஆனால் அந்த மனுஷருக்கு நான் சம்மதித்ததற்குக் காரணம் வேறு. அந்த ஊரில் அதற்குமேல் என்னால் மூச்சுவிட முடியவில்லை. பாரத்தில் அதற்கு இரண்டு விரல்கடை இடம்தான் விட்டிருந்தார்கள்.

அந்த வாரமே உத்திரமேரூர் தபால் முத்திரையோடு ஒரு ஏர்மெயில் வந்தது. அனுப்பியவள் வேதவல்லி. பதின்மூன்று வருஷத்தில் அவளிடமிருந்து ஒரு வரி வந்ததில்லை.

'அன்புள்ள அக்காவுக்கு வேதவல்லி எழுதிக்கொண்டது' என்று ஆரம்பித்து, க்ஷேமம் எல்லாம் விசாரித்து, மூன்றாவது பத்தியில் விஷயத்துக்கு வந்திருந்தாள். நான் பொறுப்பாக இருந்த பிரசவ நிலையத்துக்கு இப்போது அவள்தான் தலைமை. அவளுக்குக் கீழே மூன்று இளம் பெண்கள். அதில் ஒருத்தி அவள்மேல் மேலிடத்துக்கு மனு போட்டிருக்கிறாளாம். பிரசவம் பார்க்கப் போகும் காலனி வீடுகளில் தண்ணீர் வாங்கிக் குடிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துகிறார் என்று. விசாரணை வரப்போகிறது. வேலை போனாலும் போகும். 'இது உங்கள் காலத்திலிருந்தே இருந்துவரும் வழக்கம், இதில் கட்டாயம் எதுவும் இல்லை என்று நீங்கள் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால் நான் பிழைப்பேன் அக்கா.'

முதலில் சிரித்துவிட்டேன். வார்டில் இருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம் கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

2

வழக்கத்தைச் சொல்லவேண்டும்.

உத்திரமேரூரிலிருந்து மூன்று நான்கு மைலில் ஒரு கிராமம். பெயர் வேண்டாம். நாட்டுக்குச் சுதந்திரம் வந்து பத்து வருஷம் ஆகாத சமயம். ஓட்டுக் கட்டடம் ஒன்று, வாசலில் புங்கமரம், உள்ளே நாலு கட்டில், ஒரு மர அலமாரி, கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்று. அந்த நாற்காலி தலைமை மருத்துவச்சிக்கு. அதாவது எனக்கு. நான் அந்தப் பக்கத்துச் சேரியில் பிறந்து மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள். அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பிடிக்காமல் வாசலோடு நின்று பேசிவிட்டுப் போன பெரிய மனுஷர்கள் உண்டு. "இன்னாம்மே, டாக்டரு வர்ற நாளா இன்னிக்கி?" என்று கேட்டுவிட்டு என் பதிலை மரத்தைப் பார்த்துக் கேட்பார்கள். அதெல்லாம் எனக்குப் பழக்கம்.

எனக்குக் கீழே மூன்று பெண்கள். இருபது இருபத்தொரு வயசுக்காரிகள். வீடு வீடாகப் போய்ப் பிரசவம் பார்ப்பது அவர்கள் வேலை. நான் வைத்த சட்டம் ஒன்றே ஒன்றுதான்: பிரசவம் முடிந்ததும் அந்த வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் வரவேண்டும். பிரசவத்துக்காகக் கொதிக்கவைத்த தண்ணீரில் மீந்ததை ஆறவைத்துக் கொடுக்கச் சொல்லிக் குடிக்கவேண்டும். அப்போதுதான் தண்ணீரை உண்மையாகக் கொதிக்க வைத்தார்களா, வெறுமனே சூடு காட்டினார்களா என்று தெரியும். அது ஒரு காரணம். பெரிய காரணம் வேறு. தன்னைத் தொட்டுப் பிள்ளையை எடுத்தவள் தன் வீட்டுத் தண்ணீரைத் தொடமாட்டாள் என்றால், அடுத்த பிரசவத்துக்கு எந்தப் பெண் நம்பிக் கூப்பிடுவாள்?

இதற்கென்று ஒரு நோட்டு போட்டேன். சர்க்கார் நோட்டு இல்லை, என் சொந்த நோட்டு. தேதி, வீடு, ஆணா பெண்ணா, கடைசியில் 'தண்ணீர்' என்று ஒரு கட்டம். குடித்தவள் அதில் டிக் போடவேண்டும், நான் பக்கத்தில் கையெழுத்துப் போடுவேன். பெரிய சாமர்த்தியம் என்று அப்போது நினைத்தேன்.

வேதவல்லி நிலபுலன் உள்ள விவசாயக் குடும்பத்துப் பெண். பதினெட்டு வயதில் புருஷனைப் பறிகொடுத்தவள். அடுக்களையோடு கிடக்கவேண்டியவளை, அவளுடைய அண்ணன் யாரோ சொன்னதைக் கேட்டு மருத்துவச்சிப் பயிற்சிக்கு அனுப்பினார். நல்ல கை. பனிக்குடம் உடைவதற்கு முன்பே பிள்ளை எப்படித் திரும்பியிருக்கிறது என்று வயிற்றைத் தடவிச் சொல்லிவிடுவாள். ஆனால் நிலையத்துப் பானையில் நான் தண்ணீர் மொண்டால் அதற்குப் பிறகு அவள் மொள்ளமாட்டாள். வீட்டிலிருந்து பித்தளைச் சொம்பு கொண்டுவந்து ஜன்னலில் தனியாக வைத்துக்கொண்டாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

காலனி வீடுகளில் அவள் தண்ணீரை வாங்கி, 'காத்தாட நிக்கிறேன்' என்று கொல்லைப்பக்கம் போய் முருங்கை மரத்தடியில் ஊற்றிவிடுவாள். வந்து நோட்டில் டிக் போடுவாள். அந்த வீட்டுப் பெண்களே என்னிடம் வந்து சொன்னார்கள். ஒரு கிழவி சொன்னாள், "நர்சம்மா, அந்தப் பொண்ணு வந்தா எங்க முருங்கைக்குத் தண்ணி ஊத்துற வேல மிச்சம்." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றது.

வேதவல்லியைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவள் போட்ட பொய் டிக்குக்குப் பக்கத்தில் தெரிந்தே கையெழுத்துப் போட்டேன், ஏழெட்டு மாசம். கண்டித்தால் அண்ணன் வந்து அழைத்துக்கொண்டு போய்விடுவார், பெண் மறுபடி அடுக்களைக்குள் போய்விடும். தானாக மாறுவாள் என்று விட்டுப்பிடித்தேன். போதாக்குறைக்கு என் அலமாரிச் சாவியையும் அவளிடம்தான் கொடுத்து வைத்திருந்தேன்.

3

மாறினாள். அதைத்தான் என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. மாறாமலே இருந்திருந்தால் இத்தனை வயிற்றெரிச்சல் இருக்காது.

சித்திரை மாசம். சின்னபொண்ணு என்று காலனியில் ஒரு பெண். நாற்று நடவும் களையெடுப்புமாக வாழ்கிறவள், தலைச்சன் பிரசவம். காலையிலேயே ஆள் வந்து கூப்பிட்டது. பிள்ளை கால் பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தது. ஏரிக்கரையோடு நானும் வேதவல்லியும் ஓட்டமும் நடையுமாகப் போனோம். குடிசைக்குள் குனிந்து நுழைந்தவர்கள் மத்தியானம் மூன்று மணி வரை நிமிரவில்லை. பிள்ளை வந்தது, அழவில்லை. நான் தாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேதவல்லி பிள்ளையின் வாயைத் துடைத்துத் தன் வாயை வைத்து ஊதினாள். ஊதிக்கொண்டே இருந்தாள். அது சிணுங்கிப் பிறகு வீறிட்டபோது, அவள் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள்.

"தண்ணி குடு" என்றாள்.

நான் சொல்லவில்லை. நான் அவள் பக்கம் பார்க்கக்கூட இல்லை. சின்னபொண்ணுவின் மாமியார்தான் தயங்கினாள். "தாயி, நெஜமாலுமா? எங்க வூட்டுத் தண்ணி..."

"குடும்மா, நாக்கு ஒட்டிகினு கீது."

அலுமினிய டம்ளர். அண்ணாந்து ஊற்றிக்கொள்வாள் என்று நினைத்தேன். இல்லை, வாய் வைத்துக் குடித்தாள். ஒரே மூச்சில். "இன்னோன்னு" என்று நீட்டினாள். கிழிந்த புடவையில் படுத்துக் கிடந்த சின்னபொண்ணு, பிள்ளையைக்கூடப் பார்க்காமல் இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

 நிலையத்துக்குத் திரும்பியதும் வேதவல்லியே நோட்டை எடுத்து டிக் போட்டாள். நான் கையெழுத்துப் போட்டேன். அந்த நோட்டில் எனக்குப் பிடித்த கையெழுத்து அதுதான். மறுநாள் அவளுடைய பித்தளைச் சொம்பு ஜன்னலில் இல்லை.

4

வினை எங்கிருந்து வந்தது தெரியுமா? சந்தோஷத்திலிருந்து வந்தது. சின்னபொண்ணுவின் புருஷன் கார்த்திகை அறுப்புக்குப் போன நிலம், வேதவல்லியின் சித்தப்பா நிலம். வரப்பில் நின்ற பெரியவரிடம் இந்த வெள்ளை மனசுக்காரன் கும்பிட்டுச் சொல்லியிருக்கிறான்: "உங்க வூட்டுப் பொண்ணு எங்க வூட்ல ரெண்டு டம்ளரு தண்ணி குடிச்சிது சாமி. கொயந்தைய அதுதான் காப்பாத்திச்சி." புகழ்ந்து பேசுவதாக நினைத்துக்கொண்டு சொன்னான். அன்று சாயங்காலமே செய்தி அண்ணன் காதுக்குப் போய்விட்டது.

மனு போயிற்று. என்மேல்தான். சேரித் தண்ணீரைக் குடிக்கவைத்து, பெண்களை மதம் மாற்றப் பார்க்கிறாள் என்று.

விசாரணைக்கு மேலிடத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தார். புங்கமரத்தடியில் என் நாற்காலியை எடுத்துப் போட்டு அவர் உட்கார்ந்தார். பெஞ்சில் வேதவல்லியின் அண்ணனும் இன்னும் இரண்டு பேரும். நான் நின்றேன். நான் சின்னபொண்ணுவுக்குச் சொல்லி அனுப்பியிருந்தேன். அன்றைய கூலியை விட்டுவிட்டு, எட்டு மாசப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து மரத்துக்கு அந்தப் பக்கம் நின்றாள். உட்கார் என்று யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, எனக்கே நின்று பேசுகிற நிலை.

அண்ணன் சொன்னார்: "வேல பாக்கத்தான் சார் அனுப்பிச்சோம். கண்ட எடத்துல தண்ணி குடிக்கவா அனுப்பிச்சோம்? இந்தப் பேஜார் தீரலன்னா இன்னிக்கே வூட்டுக்கு இட்டுகினு போயிடறேன்."

அதிகாரி வேதவல்லியைக் கேட்டார். "நீயா குடிச்சியாம்மா? குடிக்கச் சொன்னாங்களா?"

அவள் என்னைப் பார்ப்பாள் என்று காத்திருந்தேன். பார்க்கவில்லை. முந்தானைக்குள்ளிருந்து நோட்டை எடுத்து அதிகாரியிடம் நீட்டினாள். என் நோட்டு. என் அலமாரியில் இருந்தது. நான் கொடுத்த சாவியால் திறந்து எடுத்தது.

"அக்காதான் குடிக்கணும்னு சொல்லிகினே இருப்பாங்க. டிக் போட வெப்பாங்க. பயந்துகினு குடிச்சேன் சார்."

 அப்போது மரத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து சின்னபொண்ணு பேசினாள். கோபமாகக்கூட இல்லை, மறந்துபோன ஒருத்திக்கு ஞாபகப்படுத்துகிற மாதிரிதான் பேசினாள்.

"இன்னா தாயி இப்பிடி சொல்ற? நீ கேட்டுத்தானே குடிச்சே? வாய் வெச்சிக் குடிச்சியே. எங்க மாமியா வாணாம்னுகூட சொல்லிச்சே."

அண்ணன் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டார். அதிகாரி கையமர்த்தினார். "உன்ன யாரும் கேக்கலம்மா. கேட்டா சொல்லு."

கடைசிவரை கேட்கவில்லை. கூட்டம் கலையும்வரை அவள் நின்றாள். பிள்ளை அழுதது, தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். வேதவல்லியின் வாயால் மூச்சு வாங்கிய பிள்ளை அது. வேதவல்லி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

என் வாயும் சும்மாதான் இருந்தது. 'இவள் ஏழெட்டு மாசம் தண்ணீரை மரத்தடியில் ஊற்றினாள், நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை, இதுவா கட்டாயம்?' என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். ஆனால் பொய் டிக் போட்டதற்காக அவள் வேலை அன்றே போயிருக்கும். அண்ணன் இழுத்துக்கொண்டு போயிருப்பார். அவளைக் காப்பாற்ற நான் வாயை மூடிக்கொண்டேன். அவளோ தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வாயைத் திறந்தாள்.

எனக்கு எச்சரிக்கையும் தூரத்து ஊருக்கு மாற்றலும் என்று உத்தரவு வந்தது. இன்னொருத்திக்குக் கீழே வேலை. நான் ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். விசாரணைக்கும் உத்தரவுக்கும் நடுவில் இரண்டு மாசம். அந்த இரண்டு மாசத்தில் காலனியிலிருந்து பிரசவத்துக்கு ஒரு ஆள்கூட வந்து எங்களைக் கூப்பிடவில்லை.

5

இங்கே நர்சுக்கு மிஸ்ஸி என்று பெயர், என்னையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். எனக்குக் கீழே நாலு பெண்கள், இந்த மண்ணில் பிறந்தவர்கள். வேலை முடிந்ததும் கவுன் மாட்டிக்கொண்டு சினிமாவுக்குச் சைக்கிளில் பறக்கிறார்கள். சொன்னதைச் செய்கிறார்கள், அதற்குமேல் என்னிடம் ஒட்டுவதில்லை. நானும் ஒட்டவிடுவதில்லை. எதற்கும் டிக் போடச் சொல்வதில்லை. அலமாரிச் சாவி என் இடுப்பில்தான் இருக்கிறது. குளிக்கும்போதுகூட அவிழ்ப்பதில்லை என்று என் வீட்டுக்காரர் கேலி பண்ணுவார்.

வேதவல்லியின் கடிதத்தைப் பற்றி அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது லில்லி கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். "டிக் போடணும்னா கட்டாயந்தானே மா?" என்றாள். "எங்க ஸ்கூல்ல பால் கொடுத்து டிக் போடுவாங்க. எனக்குப் பிடிக்காதுலா. நான் ஜன்னல் வழியா ஊத்திடுவேன். டீச்சர் பார்த்தாலும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க. எனக்கு அவங்களைக் கண்டாலே பிடிக்காது."

அறைந்துவிடலாமா என்று இருந்தது. அடுப்படிக்குப் போய்விட்டேன். யோசித்தால், அவள் சொன்னதில் பாதி நிஜம். முருங்கை மரத்தடி நாட்களுக்கு நான்தான் பொறுப்பு. தண்ணீரைக் குடித்தாயா என்று ஒரு பெண்ணைக் கட்டம் போட்டுக் கேட்பது கட்டாயம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சித்திரை மாசத்து அந்த மத்தியானம் கட்டாயம் இல்லை. அதைக் கட்டாயம் என்று சொன்னதை நான் மன்னிக்கவில்லை. என்னை விற்றது போகட்டும். பெற்ற வலியோடு ஒரு டம்ளர் தண்ணீரைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட சின்னபொண்ணுவை, பயந்துகொண்டு குடிக்கவேண்டிய தண்ணீருக்குச் சொந்தக்காரியாக எல்லோர் முன்னாலும் நிற்கவைத்தாளே!

வேதவல்லிக்கு நாலே வரி எழுதினேன். 'கடிதம் தருகிறேன். அதற்கு முன் நீ சின்னபொண்ணு வீட்டுக்குப் போ. அன்றைக்கு நானாகக் கேட்டுத்தான் குடித்தேன் என்று அவளிடம் சொல். சொல்லிவிட்டேன் என்று எனக்கு எழுது.'

பதில் மூன்று வாரத்தில் வந்தது. அழகான கையெழுத்து, அது மாறவில்லை.

'ஆபீசில் எங்கே வேண்டுமானாலும் எழுதிக் கொடுக்கிறேன் அக்கா. அன்று நான் சொன்னது தப்பு என்றுகூட எழுதுகிறேன். அண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டார், இனி எனக்குப் பயமில்லை. இப்போது எல்லா வீட்டிலும் நான்தான் முதலில் குடிக்கிறேன், பிறகுதான் பெண்களுக்குச் சொல்கிறேன். அந்த ஒரு வீட்டில் மட்டும் குடித்ததில்லை. அதற்குப்பின் மூன்று பிள்ளை பெற்றாள், ஒன்றுக்கும் எங்களைக் கூப்பிடவில்லை. அவள் வாசலில் போய் நிற்க மட்டும் சொல்லாதீர்கள். என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வேன்?'

இரண்டு தடவை படித்தேன். அதிகாரியிடம் சொல்ல வெட்கமில்லை, சின்னபொண்ணுவிடம் சொல்லத்தான் வெட்கம். முகம் என்று ஒன்று தனக்கு இருப்பது பதின்மூன்று வருஷம் கழித்து அவளுக்கு ஞாபகம் வந்திருக்கிறது.

கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு ஒன்றும் எழுதாமல் இருந்திருக்கலாம். அவள் வேலை போயிருக்கும், எனக்கும் கொஞ்சம் ஆறியிருக்கும். ஒரு வாரம் அப்படித்தான் இருந்தேன். ஆனால் மனு போட்ட அந்தச் சின்னப் பெண்ணையும் நினைத்துப் பார்த்தேன். அந்தப் பெண் ஜெயித்தால், காலனியில் யாரும் இனி ஒரு டம்ளரைக்கூட நீட்டமாட்டார்கள்.

இன்று காலை உட்கார்ந்து விசாரணை அதிகாரிக்கு நேராகவே எழுதிவிட்டேன். வேதவல்லிக்கு இல்லை. அந்த வழக்கம் என்னுடையது, நான் வைத்தது என்று எழுதினேன். டிக் போடவைத்தது என் தப்பு, பொய் டிக்குக்குக் கையெழுத்துப் போட்டது அதைவிடப் பெரிய தப்பு என்று எழுதினேன். ஒரு வீட்டில் அவள் தானே கேட்டு, வாய் வைத்து, இரண்டு டம்ளர் குடித்ததையும், பிறகு விசாரணையில் அதை மாற்றிச் சொன்னதையும் எழுதினேன். இதனால் அவள் வேலை பிழைக்குமா, போகுமா, எனக்குத் தெரியாது. அவளுக்காக எழுதவில்லை, அவளை ஒழிக்கவும் எழுதவில்லை.

ஒரு வேண்டுகோளும் வைத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தை நிலையத்து வாசலில், அதே புங்கமரத்தடியில், சின்னபொண்ணுவை வரவழைத்து அவள் காது கேட்க உரக்கப் படிக்கவேண்டும். படித்து முடிக்கும்வரை அவள் உட்கார்ந்திருக்கவேண்டும்.

உறையை ஒட்டப்போகும் சமயம் ஒரு சந்தேகம் வந்தது. உட்காரவைக்க ஏதும் இல்லை என்று சொல்லிவிடுவார்கள். அதனால் அடியில் இன்னும் ஒரு வரி சேர்த்தேன்: அலமாரிக்குப் பக்கத்தில் கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்று இருக்கும், அதை எடுத்துப் போடுங்கள்.